வானம் பார்த்த கணக்கும் வெயில் குடித்த கணக்கும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சென்ற மாதக் கூட்டம் கலைந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, கிர்க்கியிலிருந்து வரும் அம்மா ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு இராமநாதபுரம் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. "மழை கிட்டத்தட்ட வழக்கம்போலப் பெய்திருக்கிறது என்று ஆபீசில் எழுதிவிட்டார்களாம் தம்பி. அதனால் நிவாரணம் கிடையாது என்கிறார்கள். ஆனால் மிளகாய்ச் செடி கருகி நிற்கிறது. மழை பெய்ததும் நிஜம், செடி கருகியதும் நிஜம். அப்போது பொய் சொல்வது யார்?" என்று கேட்டார். அன்றைக்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் தவணை கேட்டோம். அந்த ஒரு மாதத்தில் படித்ததும் விசாரித்ததும்தான் இன்றைய பேச்சு.

நாம் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. பத்தாவது தேறி ரயில்வே ஆபீசில் லெட்ஜர் பார்க்கிறவர். ஆனால் கணக்கு எங்கே உதைக்கிறது என்பது லெட்ஜர் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொஞ்சம் சீக்கிரம் தெரியும். அந்தத் துணிச்சலில்தான் பேச வந்திருக்கிறோம்.

வறட்சியை எதற்காக அளக்க வேண்டும், கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் சர்க்கார் பணம் தர வேண்டுமானால் கண் போதாது, எண் வேண்டும். இந்த மராட்டிய மாநிலத்தில் ஒரு தாலுகா வறட்சித் தாலுகா என்று அறிவிக்கப்பட்டால் நிலவரிச் சலுகை, கடன் வசூல் நிறுத்தம், கூட்டுறவுக் கடனுக்கு மறு தவணை, விவசாயப் பம்பு மின்கட்டணத்தில் 33.5 சதவிகிதம் குறைப்பு, பள்ளி கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கட்டணத் தள்ளுபடி, தேவையான ஊருக்குத் தண்ணீர் டேங்கர் எல்லாம் உண்டு. எண் ஒரு புள்ளி தப்பினால் ஒன்றும் கிடையாது. ஆகவே அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்வது நம் வயிற்றுப் பிழைப்போடு சேர்ந்த காரியம்.

அந்த எண் பிறக்கிற இடம் வேறெங்கும் இல்லை, நம் ஊர்தான். சிவாஜி நகரில் பஸ் கண்டக்டர் "சிம்லா ஆபீஸ்" என்று கூவுகிறாரே, அந்தக் கட்டடத்தின் பெயருக்குக் காரணம் என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. இந்திய வானிலை இலாகாவின் ஆபீஸ் 1928இல் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது. அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1932இல் பயிருக்கும் வானிலைக்கும் உள்ள தொடர்பை ஆராய இங்கே ஒரு தனிப் பிரிவு ஏற்பட்டது. அதை நடத்தியவர் பாலக்காட்டுக்காரரான எல்.ஏ.ராமதாஸ். பீருமேட்டில் பிறந்த அன்னா மணி என்ற அம்மையார் 1948இல் இங்கே சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த வானிலைக் கருவிகளை இந்த நாட்டிலேயே செய்ய வழி செய்தவர்களில் முக்கியமானவர் அவர். 1967இல் வறட்சி ஆராய்ச்சிக்கென்றே ஒரு பிரிவு இங்கே தொடங்கப்பட்டது. நாம் தினமும் டிபன் கேரியரோடு கடந்து போகிற சுவருக்குப் பின்னால்தான் நம் ஊர் மழைக்கு மார்க் போடுகிறார்கள்.

முதலில் மழையை எடுத்துக்கொள்வோம். அதற்கு நம் ரயில் பாதையைவிட நல்ல பாடப் புத்தகம் இல்லை. கர்ஜத்தில் பின் எஞ்சின் மாட்டிக்கொண்டு வண்டி மலை ஏறுகிறது. ஏறி முடித்த லோணாவளாவில் வருஷத்துக்கு 4000 மில்லி மீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து 64 கிலோமீட்டரில் நம் புனே, இங்கே சுமார் 700 மில்லி மீட்டர். இன்னும் 75 கிலோமீட்டர் கிழக்கே போனால் தௌண்ட், அங்கே 500ஐ எட்டினாலே நல்ல வருஷம். மேற்கிலிருந்து வருகிற மேகத்தை மலை ஈரத் துணியைப் பிழிவதுபோல் பிழிந்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் விடுகிறது. நம் கோயம்புத்தூர்ச் சீமையில் பாலக்காட்டுப் பக்கம் வெள்ளமும் பல்லடத்துப் பக்கம் புழுதியுமாக இருப்பதும் இதே சங்கதிதான். மில்லி மீட்டர் என்றால் பயப்பட வேண்டாம். ஒரு மில்லி மீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கருக்குச் சுமார் 4000 லிட்டர், அதாவது பாதி டேங்கருக்கும் குறைவு.

இப்போது பழைய அளவுகோலைப் பாருங்கள். ஓர் இடத்தில் பல வருஷச் சராசரி என்ன, இந்த வருஷம் எவ்வளவு, வித்தியாசம் எத்தனை சதவிகிதம். 19 சதவிகிதம் வரை கூடினாலும் குறைந்தாலும் "வழக்கமான மழை". 20 முதல் 59 வரை குறைந்தால் "பற்றாக்குறை". 60க்கு மேல் போனால் "கடும் பற்றாக்குறை". வறட்சிக் கணக்கில், பருவமழை 26 முதல் 50 சதவிகிதம் வரை குறைந்தால் நடுத்தர வறட்சி, 50க்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி என்று வைத்திருந்தார்கள். சுலபமான கணக்கு. எல்லாருக்கும் புரியும். ஆனால் லோணாவளாவில் 30 சதவிகிதம் குறைந்தாலும் குடை பிடித்துத்தான் நடக்க வேண்டும். தௌண்டில் 30 சதவிகிதம் குறைந்தால் கம்பு கதிர் பிடிக்காது. சதவிகிதம் ஒன்று, சங்கடம் வேறு.

இந்தக் குறையைத் தீர்க்க 1993இல் அமெரிக்காவில் கொலராடோவில் மக்கீ என்பவரும் அவர் கூட்டாளிகளும் வேறொரு குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். சராசரியிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. இந்த ஊரில் வழக்கமாக மழை எவ்வளவு கூடிக் குறையும், அந்த வழக்கத்தோடு பார்த்தால் இந்தக் குறைவு எத்தனை அபூர்வம் என்று கேட்டார்கள். எப்போதும் 90 மார்க் வாங்குகிற பிள்ளை 70 வாங்கினால் வீட்டில் விசாரணை நடக்கும். ஒரு மாதம் 90, ஒரு மாதம் 60 என்று வாங்குகிற பிள்ளை 70 வாங்கினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதே மாதிரிதான். இந்தக் குறியீட்டில் பூஜ்யம் என்றால் வழக்கம். கழித்தல் ஒன்றுக்குக் கீழே போனால் நடுத்தர வறட்சி, கழித்தல் ஒன்றரைக்குக் கீழே கடுமை, கழித்தல் இரண்டுக்குக் கீழே மிகக் கடுமை. ஒரு மாதத்துக்கும் போடலாம், மூன்று மாதத்துக்கும் போடலாம், ஒரு வருஷத்துக்கும் போடலாம். ஒரு மாதக் கணக்கு பயிருக்கு, வருஷக் கணக்கு கிணற்றுக்கும் ஏரிக்கும். 2009இல் உலக வானிலை அமைப்பு சார்பில் கூடியவர்கள் எல்லா நாடுகளும் இதைப் பயன்படுத்தலாம் என்று சிபாரிசு செய்தார்கள்.

நல்லதுதான். ஆனால் இதிலும் மழை ஒன்றுதான் உள்ளே போகிறது. வெயில் உள்ளே போகவில்லை. அந்த அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு முன் 2023ஆம் வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதற்கும் சேர்த்துச் சராசரியில் 94 சதவிகிதம். கேட்டால் மோசமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் மழை 36 சதவிகிதம் குறைந்தது. 1901 முதல் கணக்கு எழுதி வருகிறார்களே, அதில் அவ்வளவு காய்ந்த ஆகஸ்ட் வேறில்லை. ஜூலையில் கொட்டியதும் செப்டம்பரில் பெய்ததும் கூட்டலில் சேர்ந்து மொத்தத்தைத் தூக்கி நிறுத்திவிட்டன. வருஷச் சம்பளத்தை மார்ச் மாதம் மொத்தமாகத் தருகிறோம், அதுவரை அரிசி வாங்காமல் இருங்கள் என்று ஒரு முதலாளி சொன்னால் நாம் என்ன செய்வோம்? வாசலில் உட்கார்ந்துவிடுவோம். பயிருக்கு உட்காரத் தெரியாது, படுத்துவிடுகிறது.

அதே 2023 ஆகஸ்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1901 முதல் எழுதிய கணக்கில் அதுதான் மிகச் சூடான ஆகஸ்ட். காய்ச்சலும் வறட்சியும் ஒரே மாதத்தில் கைகோத்து வந்தன. இது தற்செயல் அல்ல என்பதைப் பிறகு சொல்கிறோம்.

தோழர்களே, நமக்கு மாதா மாதம் வருகிற பஞ்சப்படியை நினைத்துப் பாருங்கள். இப்போது அகவிலைப்படி என்று அழகாகச் சொல்கிறார்கள். பழைய ஆட்கள் வைத்த பெயர் பஞ்சப்படி. அடிப்படைச் சம்பளம் மாறவில்லை என்பதற்காக நம் நிலைமை மாறவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? விலைவாசி ஏறினால் அதே சம்பளத்தில் அடுப்பு அணைகிறது. அதனால்தான் வரவை மட்டும் பார்க்காதே, செலவையும் பார் என்று சண்டை போட்டுத் தொழிலாளி வர்க்கம் பஞ்சப்படி வாங்கியது. மழை என்பது மண்ணின் சம்பளம். வெயில் என்பது மண்ணின் விலைவாசி. மழையை மட்டும் வைத்து வறட்சியை அளப்பது, பஞ்சப்படி இல்லாமல் சம்பளம் நிர்ணயிப்பது போல.

அந்தச் செலவை எப்படி அளக்கிறார்கள்? வானிலை நிலையங்களில் ஒரு வட்டத் தொட்டி வைத்திருப்பார்கள். நாலு அடி அகலம், பத்து அங்குல ஆழம். தண்ணீர் ஊற்றி, காக்கை குருவி குடித்துவிடாமல் மேலே கம்பி வலை போட்டிருப்பார்கள். தினமும் காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டியது. மே மாதத்தில் நம் பக்கம் ஒரு நாளைக்கு 8, 10 மில்லி மீட்டர்கூட இறங்கும். சூடு ஒரு டிகிரி கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவிகிதம் கூடுகிறது. அதாவது காற்றின் தொண்டை பெரிதாகிறது. கூடவே வெயிலும் உலர்ந்த காற்றும் சேர்ந்தால் மண்ணிலும் இலையிலும் இருப்பதை உறிஞ்சிவிடும். ஆகவே வெப்பம் மட்டுமல்ல, மேகம் இருக்கிறதா, காற்று எப்படி வீசுகிறது, காற்றில் ஈரம் எவ்வளவு என்பதெல்லாம் இந்தச் செலவில் சேரும்.

நம் கிராமத்துப் பெரியவர்கள் இதைத் தொட்டி வைக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். "நேற்று எவ்வளவு மழை?" என்றால் "ஒரு உழவு மழை" என்பார்கள். ஏர் பிடிக்கிற ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வானம் எவ்வளவு கொட்டியது என்பதல்ல, மண் எவ்வளவு வாங்கி வைத்துக்கொண்டது என்பதுதான் அவர்கள் கணக்கு. காய்ந்து கிடக்கிற புழுதியில் உச்சி வெயில் அடிக்கிற நாளில் பெய்த மழை மில்லி மீட்டரில் எத்தனை வந்தாலும் உழவு மழை ஆகாது. விஞ்ஞானம் ஐம்பது அறுபது வருஷம் சுற்றிவிட்டு வந்து சேர்ந்த இடமும் அதுதான் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனால் ரொம்ப மிகை இல்லை.

நம் சிம்லா ஆபீஸ்காரர்கள் வெளியிடும் வறள்நிலைக் குறியீடு இந்தச் செலவையும் சேர்த்துப் போடுவது. அதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறோம். எண்கள் புரிவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. ஒரு மாதத்தில் ஒரு நிலத்துக்கு 60 மில்லி மீட்டர் மழை. மண்ணில் பழைய ஈரம் 15. ஆக, கையிருப்பு 75. அந்த மாத வெயிலுக்கும் காற்றுக்கும் பயிர் கேட்கிற தண்ணீர் 120. பற்றாக்குறை 45. 120இல் 45 என்றால் 37.5 சதவிகிதம். அந்த ஊரில் அந்த மாதத்தில் வழக்கமாகவே 20 சதவிகிதம் பற்றாக்குறை இருக்கும் என்று வைத்துக்கொண்டால், வழக்கத்தைவிட அதிகம் 17.5. இருபத்தைந்துக்குள் இருந்தால் "லேசான வறள்நிலை". சரி, அதே 60 மில்லி மீட்டர் மழை, அதே 15 ஈரம். வெயில் மட்டும் கூடி, பயிர் கேட்பது 120க்குப் பதில் 140 ஆகிவிட்டது. பற்றாக்குறை 65. 140இல் 65 என்றால் 46.4. வழக்கத்தைக் கழித்தால் 26.4. இது "நடுத்தர வறள்நிலை". வானத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. ஆனால் வகுப்பு மாறிவிட்டது. இராமநாதபுரத்து மிளகாய்ச் செடி சொன்ன சாட்சி இதுதான். மழைமானியும் பொய் சொல்லவில்லை, செடியும் பொய் சொல்லவில்லை. மழைமானி வரவை மட்டும் சொன்னது.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை பழையது. 1965இல் அமெரிக்காவில் பால்மர் என்பவர் மழை, வெப்பம், மண் தாங்கும் ஈரம் மூன்றையும் சேர்த்து ஒரு குறியீடு செய்தார். 2010இல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள், கொலராடோக் குறியீட்டையே எடுத்து, மழைக்குப் பதிலாக மழையிலிருந்து ஆவியாகும் செலவைக் கழித்த மீதியைப் போட்டுப் புதுக் குறியீடு ஆக்கினார்கள். பூமி சூடாகிவரும் காலத்தில் மழைக் கணக்கு மட்டும் போதாது என்பது அவர்கள் வாதம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நமக்குச் சாதகம் என்பதற்காக ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது சங்கத்துக்கு அழகல்ல. ஆவியாகும் செலவை அளக்க 1948இல் தார்ன்த்வெயிட் என்பவர் கொடுத்த வாய்பாடு வெப்பத்தை மட்டும்தான் முக்கியமாகக் கேட்கும். சுலபமானது, எங்கும் போடலாம், அதனால் எல்லாரும் போட்டார்கள். ஆனால் பூமி சூடாகச் சூடாக இந்த வாய்பாடு செலவை ஊதிப் பெருக்கிவிடுகிறது. வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாம் சேர்த்துப் போடும் பென்மன் வழிக் கணக்கில் அந்த அளவு ஏறுவதில்லை. 2012இல் ஷெஃபீல்ட் என்பவரும் கூட்டாளிகளும் இதைக் காட்டி, பழைய வாய்பாட்டினால் உலக வறட்சி ரொம்பவும் கூடியதாகத் தெரிந்தது, சரியான கணக்கில் அறுபது வருஷத்தில் மாற்றம் சிறிதுதான் என்று எழுதினார்கள். அதற்கு மறுப்பும் வந்தது. ஆகவே "வெயிலையும் சேர்" என்று கேட்கிற நாம், "சரியான வாய்பாட்டில் சேர்" என்றும் கேட்க வேண்டும். தப்புக் கணக்கில் கிடைத்த பஞ்சப்படியை அடுத்த கமிஷன் பிடுங்கிக்கொள்ளும்.

இன்னொன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் நாட்டில் வறட்சியின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது மழைதான். வெப்பம் இரண்டாவது. மழைக்காலம் முடிந்த பிறகு, ரபி சோளம் நிற்கும்போது, பிறகு கோடையில், வெயிலின் பங்கு பெரிதாகிறது. இரண்டும் தனித்தனி ஆள் என்றும் நினைக்க வேண்டாம். மண்பானையைப் பாருங்கள். வெளிப்பக்கம் கசிகிற வரை உள்ளே குளிர்ச்சி. கசிவு நின்றால் பானையும் சுடும், தண்ணீரும் சுடும். நிலமும் அப்படித்தான். ஈரம் இருக்கும் வரை வெயிலின் சூடு அந்த ஈரத்தை ஆவியாக்குவதில் செலவாகிறது. ஈரம் தீர்ந்ததும் சூடு முழுவதும் தரையையும் காற்றையும் காய்ச்சுகிறது. மேகமும் இல்லாததால் வெயில் தடையின்றி விழுகிறது. மழை இல்லாததால் வெப்பம், வெப்பத்தால் இன்னும் வறட்சி. 2023 ஆகஸ்ட் காய்ந்ததும் கொதித்ததும் ஒன்றாக வந்ததற்குக் காரணம் இதுவும்தான்.

நம் பாஷாணில் உள்ள வெப்பமண்டல வானிலை நிலையத்தார் தலைமையில் 2020இல் ஒரு பெரிய அறிக்கை வந்தது. 1901 முதல் 2018க்குள் இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது, 1951 முதல் 2015க்குள் கோடைப் பருவமழை சுமார் 6 சதவிகிதம் குறைந்திருக்கிறது என்று அதில் சொல்கிறார்கள். வரவு குறைவு, செலவு கூடுதல். லெட்ஜரில் இப்படி இரண்டு பக்கமும் எதிராகப் போனால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

இனி, "சராசரி" என்ற சொல்லுக்கு வருவோம். நம் ரயில்வே ஆட்களுக்கு அடிப்படை ஆண்டு என்றால் காது நிமிரும். விலைவாசிக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டை 2001இலிருந்து 2016க்கு மாற்றினார்களே, 2020இல், அப்போது எத்தனை கூட்டம் போட்டுப் பேசினோம்! மழைக்கும் அடிப்படை ஆண்டு உண்டு. நாடு முழுவதற்கும் பருவமழைச் சராசரி 1951 முதல் 2000 வரை எடுத்தபோது 89 சென்டிமீட்டர். 1961 முதல் 2010 வரை எடுத்தபோது 88. 2022 முதல் 1971–2020 கணக்கு, அதில் 87. இதில் சதி ஒன்றும் இல்லை. உலகம் முழுவதும் பத்து வருஷத்துக்கொரு முறை இப்படிப் புதுப்பிப்பது வழக்கம். ஆனால் விளைவைப் பாருங்கள். மழை மெள்ள மெள்ளக் குறைந்தால் சராசரியும் கூடவே இறங்குகிறது. நம் தாத்தா காலத்தில் பற்றாக்குறை என்று எழுதியிருக்கக்கூடிய மழை, பேரன் காலத்தில் வழக்கமான மழை ஆகிவிடலாம். தாத்தாவின் கிணறு எத்தனை அடி, பேரனின் ஆழ்குழாய் எத்தனை அடி என்பது இந்தக் கணக்கில் வராது.

போகிற போக்கில் ஒன்று: வானிலை இலாகா 2016 முதல் வறட்சி என்ற சொல்லையே தன் அறிக்கைகளில் விட்டுவிட்டது. "பற்றாக்குறை வருஷம்" என்றுதான் சொல்கிறது. வறட்சியை அறிவிப்பது மாநில சர்க்காரின் வேலை என்பது அவர்கள் காரணம். காரணம் நியாயமானதே. ஆனாலும் சொல் போனால் நோயும் போய்விட்டது போல ஒரு மயக்கம் பிறக்கிறது.

மாநிலம் எப்படி அறிவிக்கிறது? முன்பு மராட்டியத்தில் பைசாவாரி முறை. ஒரு ரூபாய்க்கு நூறு பைசா, நல்ல விளைச்சலுக்கு எத்தனை பைசா விளைந்தது என்று அறுவடையில் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். அணாக் காலத்தில் அணாவாரி. 50 பைசாவுக்குக் குறைந்தால் பஞ்சநிலை. இந்த முறையில் ஊழல் உண்டு, தாமதமும் உண்டு. அறுவடை முடிந்துதான் வறட்சி தெரியும். ஆனால் ஒரு நியாயம் இருந்தது. அங்கே அளவுக் கருவி பயிரேதான். மழையால் போனதா, வெயிலால் போனதா, பூச்சியால் போனதா என்று அது பிரித்துப் பார்க்காது, போனது போனதுதான்.

2016 டிசம்பரில் மத்திய சர்க்கார் புதிய வறட்சிக் கையேடு வெளியிட்டது. அதில் முதல் வாசல் மழை. மழை எவ்வளவு குறைந்தது, தொடர்ந்து எத்தனை வாரம் பெய்யவில்லை, அந்தக் கொலராடோக் குறியீடு என்ன. இந்த வாசலைத் தாண்டினால்தான் இரண்டாவது வாசல். அங்கே விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் பார்க்கும் பசுமை, மண் ஈரம், அணையிலும் நிலத்தடியிலும் உள்ள நீர். அதையும் தாண்டினால் மாதிரிக் கிராமங்களில் நேரடிச் சோதனை. கவனியுங்கள், வெயிலுக்கு முதல் வாசலில் இடம் இல்லை. இரண்டாவது வாசலில் மண் ஈரத்தின் முதுகில் ஏறித்தான் அது உள்ளே வர முடியும். மழை எண் "வழக்கம்" என்று சொல்லிவிட்டால், வெயில் எவ்வளவு குடித்திருந்தாலும் கேட்க ஆள் இல்லை. அதோடு மத்திய நிவாரண நிதி கடும் வறட்சிக்குத்தான் என்று இறுக்கியதால் மராட்டியம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் முறையிட்டன.

இந்த விதிப்படிதான் 2018 அக்டோபர் கடைசியில் மராட்டியத்தில் 151 தாலுகாக்களும், 2023 அக்டோபர் கடைசியில் 40 தாலுகாக்களும் அறிவிக்கப்பட்டன. இரண்டாவது பட்டியலில் நம் ஜில்லாவின் பாராமதி, புரந்தர் முதலிய தாலுகாக்களும் உண்டு. மற்ற இடங்களில் மக்கள் கூச்சல் போட்ட பிறகு, மழை 75 சதவிகிதத்துக்கும் 750 மில்லி மீட்டருக்கும் குறைந்த ஆயிரம் வருவாய் வட்டங்களுக்குச் சலுகைகள் தரப்பட்டன. கூச்சல் போட்டால் எண் வளைகிறது. இதை யாரும் எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை.

தமிழ்நாட்டில் 2016 வடகிழக்குப் பருவமழை 440 மில்லி மீட்டருக்குப் பதில் 168 மில்லி மீட்டர்தான் பெய்தது. 62 சதவிகிதம் குறைவு. 2017 ஜனவரி 10ஆம் தேதி மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவித்தார்கள். அவ்வளவு குறைந்தால் எந்த அளவுகோலும் ஒப்புக்கொள்ளும். சிக்கல் அந்த வருஷத்தில் இல்லை. 15, 18 சதவிகிதம் மட்டும் குறைந்து, வெயில் மீதியைச் செய்கிற வருஷங்களில்தான் இருக்கிறது.

நம் இலாகாவுக்கும் வறட்சிக்கும் ஓர் உறவு உண்டு. 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து லாத்தூருக்குத் தண்ணீர் வண்டி விட்டோம். 12ஆம் தேதி போய்ச் சேர்ந்த முதல் வண்டியில் 10 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அந்த வண்டிகளுக்குச் சிக்னல் கொடுத்தவர்களும், வால்வு திறந்தவர்களும், ரசீது எழுதியவர்களும் நம்மைப் போன்ற ஆட்கள். குடிதண்ணீருக்கு வேகன் உண்டு. பயிருக்கு வேகன் கிடையாது.

நிலம் உள்ளவர் கதையையே பேசிக்கொண்டிருக்கிறோம். நம்மில் பாதிப் பேருக்கு நிலமே இல்லை. கடன் தள்ளிவைப்பு, பம்புக் கட்டணம் எல்லாம் நிலமற்றவருக்கு என்ன செய்யும்? 1972–73 வறட்சியில் இந்த மாநிலத்தில் என்ன நடந்தது தெரியுமா? குறியீட்டுக்காக யாரும் காத்திருக்கவில்லை. வேலை கொடு என்று கேட்டார்கள். 1973 மே மாதத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் கல்லுடைத்தும் குளம் வெட்டியும் கூலி வாங்கினார்கள். அதிலிருந்து பிறந்த வேலை உறுதிச் சட்டம் 1979இல் அமலுக்கு வந்தது. 2005இல் மத்திய சட்டம் வருவதற்கு முன்னோடி அதுதான். அதற்கும் முன்னே, நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அந்த 1876–77இல், நிவாரண வேலைக்குக் கூலியை நாளைக்கு ஒரு ராத்தல் தானியமாகக் குறைத்தபோது தக்காணத்தில் கூலிகள் வேலையை விட்டு வெளியே நடந்தார்கள். இதே புனேயின் சார்வஜனிக் சபை கிராமம் கிராமமாகச் செய்தி திரட்டி சர்க்காருக்கு எழுதியது. மழைமானி சொல்லாததை மனிதர் எழுதினார்கள்.

அப்படி எழுதத்தான் இன்று உட்காரப் போகிறோம். வெயிலில் செங்கல் சுமக்கிற நம் பெண்களின் உடம்பு எவ்வளவு தண்ணீர் இழக்கிறது என்பதற்கு இந்தக் குறியீடுகள் எதிலும் பத்தி கிடையாது. அதைத் தனியாகப் பேசுவோம், இன்று நேரம் போதாது.

அந்த அம்மாவுக்காக ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். மழை மொத்தம் எவ்வளவு என்று அதில் எழுதவில்லை, அதை ஆபீசே எழுதியிருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஒரு சொட்டும் விழவில்லை, அந்த நாட்களில் வெயில் எப்படி இருந்தது, செடி பூவில் இருந்ததா காயில் இருந்ததா, பக்கத்துக் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் இறங்கியது என்பதை ஊரிலிருக்கும் அவர் தம்பியிடம் போனில் கேட்டு எழுதியிருக்கிறோம். மண் ஈரக் கணக்கைப் பார்க்கும்படியும் நேரில் வந்து வயலைப் பார்க்கும்படியும் கேட்டிருக்கிறோம். அம்மா, சிட்டா அடங்கல் நகல் இன்னும் வரவில்லை, அதை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். மற்றவர்களில் யாருக்காவது ஊரில் இதே நிலை என்றால் தேதிகளோடு வாருங்கள். அறிவிக்கப்பட்ட தாலுகாக்களிலிருந்து வந்து இங்கே கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் யாராவது உங்கள் வீட்டுப் பக்கம் குடியிருந்தால், பரீட்சைக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். மராத்திப் பிள்ளைகளாக இருந்தாலும் கேளுங்கள். விண்ணப்பம் எழுத ஞாயிறு தோறும் மாலை நாலு மணிக்கு நாம் இங்கேதான் இருப்போம்.